14. லாமிங்டன் ரோட்டிலிருந்து இரண்டு அழைப்புகள்

2020 அக்டோபர் 21-ஆம் தேதி முதல் மும்பை புறநகர் ரயில்களில் பெண்கள் பயணம் செய்ய அனுமதி கிடைத்தது. காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை. பிறகு இரவு ஏழுக்கு மேல். அத்தியாவசியப் பணி அட்டை இல்லாத ஆண்களுக்கு அனுமதி இல்லை.

நவம்பர் 7, சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டு வீட்டில் இசக்கிசெல்வி முகக்கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்களும் கூட வந்தா தைரியமா இருக்கும்" என்றாள்.

"ரயில்ல என்னைய ஏத்த மாட்டானே, தாயி."

பிரம்மநாயகம் சொன்னது உண்மை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. அதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இருபத்தாறு வருஷம் அவர் லாமிங்டன் ரோட்டுக்கு வாரம் இரண்டு தடவையாவது போய்வந்தவர். அங்கே உதிரி பாகங்கள் வாங்கி, தாராவியிலும் மாதுங்காவிலும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்தார். 'கம்ப்யூட்டர் அண்ணாச்சி' என்று பெயர். அவரிடம் வாங்காதவர்கள்கூட வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா?

போன வருஷம் நவம்பர் 27-ஆம் தேதி விடியற்காலை, கோரேகாவ் ஸ்டூடியோவில் ராத்திரி முழுக்க எடிட் செய்துவிட்டு பைக்கில் திரும்பிய மகன் சுடலைக்கண்ணன், சயான் சர்க்கிளில் லாரி மோதி இறந்தான். வீட்டுக்கு எட்டு நிமிஷ தூரம் இருந்தது. அதற்குப் பிறகு பிரம்மநாயகம் லாமிங்டன் ரோட்டுக்குப் போகவில்லை.

கணவன் கண்ணனிடமிருந்தே எடிட்டிங் கற்றவள் செல்வி. செம்பூரில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நிகில், போன வாரம் அவளிடம் சொல்லிவிட்டான். நோய்க்காலத்தில் ஸ்டூடியோவில் ஆட்களை உட்கார வைக்க முடியாது. அவளிடம் சொந்த மெஷின் இருந்தால் திங்கட்கிழமை முதல் பதினோரு கல்யாணங்கள் அவளுக்கு. இல்லையென்றால் தாணேயில் வேறு ஆள் தயார். வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப், கல்யாண வீடியோவைத் திறந்தாலே நின்றுவிடும்.

"நான் சொல்லுதது யார் காதுலயும் ஏறாது" என்று அடுப்படியிலிருந்து மாமியார் செண்பகவல்லி சொன்னாள். "வருசம் இன்னும் கழியல. புதுச் சீலையே எடுக்காத வீட்ல புதுப் பெட்டி வந்து எறங்குமாம்."

"திங்கக்கிழமைக்குள்ள வேணும் அத்தை. இருவது நாள் நிகில் காத்திருக்க மாட்டாரு."

"அன்னிக்கே வாங்கியிருந்தா என் பிள்ளை வீட்ல உக்காந்து வேலை பாத்திருப்பான். கோரேகாவ் எதுக்கு, பைக்கு எதுக்கு? ஒன் தங்கச்சி கல்யாணம் வந்துச்சு. கம்ப்யூட்டரு நின்னுபோச்சு."

இது வீட்டில் ஒரு வருஷமாகச் சொல்லப்படுகிற கணக்கு. கண்ணன் பெரிய மெஷின் வாங்க இருந்த மாதம்தான் செல்வியின் தங்கை மாரீஸ்வரிக்குக் கல்யாணம் நடந்தது. மாமியார் சொல்லும்போது செல்வி மறுப்பதில்லை. தங்கை கல்யாணத்துக்குக் கண்ணன் ஏதோ செய்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவனாகவே தள்ளிப்போட்டிருப்பான் என்று அவளும் நம்பினாள்.

பிரம்மநாயகம் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

"போயிட்டு வாரேன் மாமா. வாங்குததுக்கு முன்னால உங்களுக்கு போன் போடுவேன். நீங்க சொன்னாத்தான் வாங்குவேன்."

அவள் இறங்கிப் போன பத்தாவது நிமிஷம் அவருடைய போன் அடித்தது. மாதுங்கா மகாதேவன்.

"அண்ணாச்சி, பேரனுக்கு ஆன்லைன் கிளாஸ். லேப்டாப் இப்பவே வாங்கிடலாமா, தீபாவளி ஆஃபர் வரட்டும்னு இருக்கலாமா? நீங்க சொன்னாத்தான் எங்காத்துல நம்புவா."

"எனக்கு இப்ப ஒண்ணும் தெரியறதில்ல சார். பையன்கிட்ட கேளுங்க."

"எந்தப் பையன்?"

பிரம்மநாயகம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"கடைப் பையன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சயானில் ஏறி, தாதரில் மாறி, பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே செல்வி கிராண்ட் ரோட்டில் இறங்கினாள். பெண்கள் பெட்டியில் இருக்கைக்கு ஒருத்தி விகிதம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை.

லாமிங்டன் ரோட்டில் நாலைந்து கடைகளில் விலை விசாரித்துவிட்டு, ஒன்றரை மணிக்கு மேல் பிரம்மநாயகம் வழக்கமாக வாங்கும் பஞ்சாபகேசனின் கடைக்கு வந்தாள்; ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நீளமான அறை. அவர் மாதுங்காக்காரர். கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்காமல் கடை திறப்பதில்லை என்று பேர். பிரம்மநாயகத்தின் மருமகள் என்றதும் எழுந்து நின்றார்.

"வாம்மா, உக்காரு. முகத்தை மறைச்சுண்டு வந்தா யாருன்னு தெரியறதா? இப்ப கஸ்டமரும் திருடனும் ஒரே மாதிரின்னா இருக்கா." பிறகு குரல் இறங்கியது. "கண்ணன் சமாசாரம் கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன். வரலை."

அவள் தலையசைத்தாள்.

மேக் ஒன்று அவளுக்கு வேண்டும், இருபத்தேழு அங்குலத் திரை. கண்ணன் வாங்க நினைத்த அதே வகை. ஆகஸ்டில் வந்த மாடலில் ஒரே ஒரு பெட்டி கடையில் இருந்தது.

"இருக்கு. ஆனா உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் பஞ்சாபகேசன். "வர்ற பத்தாம் தேதி கம்பெனிக்காரன் புது மெஷின் காட்டப்போறான். பிராசஸரையே மாத்தறான். இத்தனை வருஷமா வெளியில வாங்கிப் போட்டுண்டிருந்தான், இனிமே சொந்தமா பண்ணினது. இந்தப் பெட்டிதான் பழைய ஜாதியில கடைசின்னு எல்லாரும் பேசிக்கறா. மூணு நாள் பொறுத்தா என்னன்னு தெரிஞ்சுடும். ஆனா மூணு மணிக்கு ஒருத்தர் இதைப் பாக்க வரார். அவர் எடுத்துண்டா அடுத்த சரக்கு எப்போன்னு நான் சொல்ல முடியாது."

செல்வி போனை எடுத்தாள்.

தாராவியில் பிரம்மநாயகத்தின் கையிலிருந்த போனின் திரையில் 'கண்ணன்' என்று வந்தது.

செல்வி பயன்படுத்தியது கணவனின் எண்ணைத்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரிடமும் இருந்தது அந்த எண். அதனால் அவள் அதை விடவில்லை. பிரம்மநாயகம் தன் போனில் பெயரை மாற்றவில்லை. அவள் கடைத்தெருவிலிருந்து மல்லி வேண்டுமா என்று கேட்டாலும், பால் தீர்ந்ததா என்று கேட்டாலும், கூப்பிடுவது கண்ணன்தான்.

"மாமா, கடையில இருக்கேன்." பஞ்சாபகேசன் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பின்னால் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு "சைட், சைட்" என்று கத்தினார்கள். பஞ்சாபகேசனின் குரல் அரை டம்ளர் 'கட்டிங்' டீ இரண்டு கேட்டது.

"சொல்லுங்க மாமா. வாங்கட்டா, பொறுக்கட்டா?"



போன வருஷம் அக்டோபர் பன்னிரண்டும் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கும் வண்டிக்காரன் கத்தினான். அன்றைக்கும் டீ சொல்லும் குரல் கேட்டது. "அப்பா, வாங்கட்டா, பொறுக்கட்டா?" என்று இதே கடையிலிருந்து, இதே எண்ணிலிருந்து, கண்ணன் கேட்டான். அவர் அப்போது சயானில் ஒரு பல் டாக்டரின் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். "பொறு. ரெண்டாயிரத்து இருவதுல பிராசஸரு மாறும்னு எல்லா எடத்துலயும் எழுதுதான். இவ்வளவு பணத்தப் போட்டு வாங்கிட்டு, அடுத்த வருசம் பழசாப் போச்சுன்னு அழக்கூடாது" என்றார். கண்ணன் சரி என்றான். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை.

அவர் அன்று சொன்னது சரியான தகவல். ஒரு வருஷம் கழித்து அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த யாரைக் கேட்டாலும், இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். மூன்று நாள்தானே, பொறு.

"மாமா, கேக்குதா?"

"ஒரு பத்து நிமிசம் குடு தாயி. யோசிச்சுச் சொல்லுதேன்."

"மூணு மணிக்கு ஆள் வருது மாமா."

"சொல்லுதேன்."

போனை வைத்தார். செண்பகவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ என்ன கேக்கா?"

"வாங்கட்டா, பொறுக்கட்டான்னு."

"நல்லாக் கேட்டா. அன்னிக்கு அவ தங்கச்சி கல்யாணத்துக்கு..."

"செம்பகம்" என்றார். "அது செல்வியால நின்னது இல்ல. கண்ணன் காசோட கடைக்குப் போயிட்டான். நாந்தான் போன்ல வேண்டாம்னேன்."

இதைச் சொல்ல ஒரு வருஷம் ஆனது. சொன்ன பிறகு அறையில் எதுவும் விழவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்தது. செண்பகவல்லி போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதே சொன்னான். அப்பா பொறுக்கச் சொல்லிட்டாரும்மா, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னான். மீன் துண்டு இன்னொண்ணு கேட்டான்."

பிரம்மநாயகம் மேல் அறைக்குப் போகும் ஏணிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுகிட்டா அந்தப் பிள்ளையச் சொன்ன?"

"வேற யாரச் சொல்ல?" செண்பகவல்லியின் குரல் உயரவில்லை. "உங்களச் சொல்லிட்டு இந்தப் பத்துக்குப் பத்து வீட்ல நான் எங்க போயி உக்காருவேன்? நீங்க ராத்திரி எந்திரிச்சு உக்காந்து போனையே பாத்துகிட்டு இருக்கியளே, அது தெரியாதுன்னு நெனச்சியளா? அவளச் சொன்னா அவ அழுதுட்டு விட்டுருவா. உங்களச் சொன்னா நீங்க தாங்க மாட்டிய."

"இந்த வீட்ல அவளுக்கு யாரு இருக்கா?"

"அதயும் நீங்கதான் யோசிச்சிருக்கணும்."

அவள் அவரை விலகச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள். மேல் அறையில் ஒரு மேசை இருந்தது. மெஷின் வருவதற்கு முன்பே கண்ணன் தச்சனை வைத்துச் செய்தது. ஒயர் போக ஓட்டை போட்டது. அதன் மேல் இப்போது அவன் படம் இருந்தது, மாலையுடன். கீழே உட்கார்ந்திருந்த பிரம்மநாயகத்துக்கு முதலில் செண்பகவல்லியின் மூச்சு கேட்டது. பிறகு மேசை தரையில் இழுபடும் சத்தம். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் தள்ளுகிறாள் என்று தெரிந்தது.

கடையில் மணி இரண்டே கால் ஆயிற்று. செல்வி டீயைக் குடித்து முடித்திருந்தாள்.

"பதில் வரலையா?" என்றார் பஞ்சாபகேசன்.

"யோசிக்காவ. மாமா எப்பவும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டாவ."

"நீ தப்பா எடுத்துக்காதே. உன் நல்லதுக்குச் சொல்றேன்." பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துணியால் துடைத்தார். "இந்த நாற்காலியிலதான் கண்ணனும் உக்காந்திருந்தான். உன் மாமனார்கிட்ட போன்ல கேட்டான். பெட்டியைக்கூடப் பிரிச்சுக் காட்டிட்டேன். அண்ணாச்சி பொறுன்னார், அவன் போயிட்டான். அண்ணாச்சி சொன்னதுல தப்பே இல்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நீயும் அதே மாதிரி எழுந்து போயிட்டா எனக்கு மனசு கேக்காது."

செல்வி அவரைப் பார்த்தாள்.

"என்னைக்கு சார்?"

"போன வருஷம். தசரா முடிஞ்சு அந்த வாரம். ஏன், உனக்குத் தெரியாதா?"

"காசு கொண்டு வந்திருந்தாரா?"

"முழுசா. நான் பில் புஸ்தகத்தைத் திறந்துட்டேனே."

செல்வி காலி டம்ளரைக் கீழே வைத்தாள். பஞ்சாபகேசன் தான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதாக உணர்ந்து, மேசை விசிறியைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

அவள் மாடிப்படிக்குப் போய் நின்று போன் செய்தாள். மணி இரண்டு இருபத்தைந்து.

மறுபடி 'கண்ணன்' என்று வந்தது. பிரம்மநாயகம் முதல் மணியிலேயே எடுத்தார்.

"செல்வி, ஒரு விசயம் ஒன்கிட்டச் சொல்லணும்."

"மொதல்ல நான் கேட்டதுக்குச் சொல்லுங்க மாமா. வாங்கட்டா, பொறுக்கட்டா?"

அவள் குரலில் ஏதோ மாறியிருந்தது. அவர் அதைக் கவனித்தார். ஆனால் கேள்விக்குப் பதில் வேண்டும். அவர் இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"திங்கக்கிழமை ஒனக்கு என்ன வேலை?"

"மொதக் கல்யாணம். வீடியோ, அப்புறம் ஆல்பம்."

"நிகில் எந்த சாப்ட்வேர்ல குடுக்கான்?"

"பழசுதான் மாமா. அவரு ரெண்டு வருசமா எதையும் மாத்தல. ஆல்பம் போடுதது டாங்கிள் சொருகினாத்தான் ஓடும். சாவி மாதிரி பின்னால சொருகுவாவளே, அது."

"அந்த டாங்கிள் புது பிராசஸர்ல ஓடும்னு யாரும் சொல்ல முடியாது. அந்த சாப்ட்வேர் கம்பெனிக்காரன் மாத்தி எழுதிக் குடுக்க ஆறு மாசம் ஆகும், ஒரு வருசமும் ஆகும். புது மெஷின் எவ்வளவு நல்லா இருந்தாலும் திங்கக்கிழமை வேலைக்கு ஒதவாது. நாலு வருசத்துல இது பழசாப் போகும். போகட்டும். அதுக்குள்ள அது நாப்பது அம்பது கல்யாணம் முடிச்சிரும்." அவர் மூச்சு வாங்கினார். "எடு."

"சரி மாமா."

"செல்வி, அன்னிக்கு கண்ணன் கேட்டப்ப இதையெல்லாம் நான் கேக்கல. நாந்தான் வேண்டாம்னு..."

"தெரியும். இப்பத்தான் கடைக்காரர் சொன்னாரு."

படியில் யாரோ மானிட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள்.

"நீங்க பொறுக்கச் சொன்னதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. அன்னிக்கு என்னையக் கேட்டிருந்தா நானும் மாமா சொல்லுதபடி செய்யுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். லாரி வரும்னு யாருக்குத் தெரியும்? ஆனா அத்தை என் தங்கச்சி பேரச் சொல்லுதப்பல்லாம் நீங்க அங்கனதான் உக்காந்திருந்திய. இன்னைக்குக் காலையிலகூட. டீ குடிச்சிகிட்டு."

அவர் ஏணிப்படியிலிருந்து எழுந்து நின்றார்.

"மாரீஸ்வரி ஒரு வருசமா நம்ம வீட்டுக்கு வரல, தெரியுமா? என்னால அத்தானுக்கு இப்படி ஆயிருச்சேன்னு அவ மாசமா இருக்கத என்கிட்டகூடச் சொல்லல. அவ மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"தப்புதான் தாயி."

"அத்தைக்கு இது தெரியுமா?"

மேலே மேசையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பிரம்மநாயகம் ஏணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குத்தான் சொன்னேன்" என்றார்.

அதுவும் உண்மைதான். பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைப் போன்ற உண்மை.

"அவிய என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. மேல மேசைய ஒதுக்கிகிட்டு இருக்கா. ஒனக்காக."

வண்டிக்காரன் மறுபடி கத்தினான்.

"வச்சிருதேன் மாமா. மூணு மணிக்கு ஆள் வந்துரும்."

இரண்டு நாற்பதுக்கு பில் போடப்பட்டது. கண்ணனின் இன்ஷூரன்ஸ் பணத்தில் நகைக்கடன் அடைத்தது போக மிச்சமிருந்ததிலிருந்து அவள் முழுத் தொகையையும் கொடுத்தாள். பஞ்சாபகேசன் விலையில் கொஞ்சம் குறைக்க முன்வந்தார். வேண்டாம் என்றாள். பிறகு, ஒரு நல்ல விசைப்பலகை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவு பெரிய பெட்டியோடு ரயிலில் ஏற முடியாது. கடை ஆள் கீழே வந்து டாக்ஸி பிடித்துக் கொடுத்தான். பெட்டி பின்சீட்டில் நின்றது. அவள் அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிதர் ஜானா ஹை, தாராவி?" என்று போகுமிடத்தை உறுதிசெய்ய டிரைவர் கேட்டார். கடை ஆள் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"நஹி. கோவண்டி" என்றாள். ஃப்ரீவே வழியாகப் போகச் சொன்னாள்.

நான்கு மணி கடந்து சில நிமிஷங்களில், வழியில் அவள் போன் செய்திருந்ததால், கோவண்டியில் குடியிருக்கும் அண்ணன் ஹரி ஸ்டேஷன் பக்கம் காத்திருந்து பெட்டியை இறக்கினான். ஏன் இங்கே என்று அவன் கேட்டான். திங்கட்கிழமை வேலை இருக்கிறது என்று மட்டும் செல்வி சொன்னாள். ஆறு மணிக்கு அவன் வீட்டில் மெஷின் ஓடியது. ஏழு மணிக்கு நிகிலுக்குப் புது முகவரியை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க் அங்கே வந்து சேர்ந்தது.

செல்வி தாராவிக்குத் திரும்பவில்லை.